ஐந்தாம் நாள் சர்க்கரைத் தண்ணீர்

"என் விரதத்தை முறிச்சது யாரு சாமி? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

தில்லைநாயகம் இப்படிக் கேட்டபோது காலை பத்து மணி. அவர் சட்டையின் மார்புப் பக்கம் சர்க்கரைத் தண்ணீர் சிந்தி, காய்ந்தும் காயாமலும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. இரண்டு எறும்புகள் அதற்குள் சேதி அறிந்து வந்துவிட்டன.

அடிகள் மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"முறிஞ்சுதா?" என்றார்.

வழக்கே அதுதான்.

முறிந்தது என்றால் இன்று பூஜ்யம். முறியவில்லை என்றால் நாலு முடிந்து ஐந்தாம் நாள் நடக்கிறது. வித்தியாசம் நாலே நாள்தான். ஆனால் தில்லைநாயகத்தின் நிலையில் இருப்பவருக்கு நாலு நாள் பெரிய விஷயம். தேதி எட்டு ஆகிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி டாக்டர் வரச் சொல்லியிருந்தார்.



தில்லைநாயகம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூரிலும் பண்ருட்டியிலும் முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவர். இரும்புப் படிக்கல்லைக் கையில் எடுத்தால் முதலில் தலைகீழாகத் திருப்பி, அடியில் அடைத்திருக்கும் ஈயத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். மனிதர்களையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்ப்பார்.

வயது அறுபத்து நாலு. எடை தொண்ணூற்றொரு கிலோ. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம்.

போன மாதம் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். மாத்திரை இனிமேல் தாங்காது, ஊசிதான், இன்சுலின் ஆரம்பித்துவிடலாம் என்றார். தில்லைநாயகம் அவகாசம் கேட்டார். டாக்டர் நல்ல மனிதர். இருபத்தைந்தாம் தேதி என்று சீட்டில் எழுதி, கீழே கோடும் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை தில்லைநாயகம் செல்பேசியைத் திறந்து உட்கார்ந்தார். இருபத்தொரு நாள் வெறும் தண்ணீர் குடித்துச் சர்க்கரையை விரட்டியவர்கள் உலகமெங்கும் இருப்பதாக அதில் கண்டது. முன்பு, பின்பு என்று இரண்டிரண்டு படங்கள். முன்பு படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்பு படத்தில் எல்லோரும் பழைய கால்சட்டையைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் இருந்தால் நடக்காது. யாத்திரை போவதாக மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் நம்பவில்லை. ஆனால் வேட்டிகளை மடித்து வைத்தாள். எடை பார்க்கும் இயந்திரத்தையும் பையில் அவர் திணிப்பதைப் பார்த்தபோதுகூட, எந்தக் கோயிலுக்கு என்று கேட்கவில்லை.

விரதத்துக்கு ஒரு குரு வேண்டும். அதில் அவர் உறுதியாக இருந்தார்.

முதல் மடத்தின் தலைவருக்குத் தொந்தி இருந்தது. வாசலோடு திரும்பிவிட்டார். இரண்டாம் மடத்தில் சாமியார் பேசப் பேசக் கழுத்துக்கடியில் இன்னொரு கன்னம் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே பிரசாதம் மட்டும் வாங்கிக்கொண்டார். மூன்றாவதாக, கெடிலம் ஆற்றங்கரையில் இருந்த இந்தச் சிறிய மடத்துக்கு வந்தார். அடிகள் மேல்துண்டு இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்து மூன்று இருக்கும். காறை எலும்புக்குப் பின்னால் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் வழியாமல் நிற்கும். விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். தில்லைநாயகம் எண்ணினார்.

பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

குருவைத் தேர்ந்தெடுக்க நூல்கள் பல இலக்கணம் சொல்கின்றன. இடுப்பின் சுற்றளவு அவற்றில் வருவதாகத் தெரியவில்லை.



இருபத்தொரு நாள் கொடுங்கள் என்று அவர் கேட்டார். இங்கே இருபத்தொன்று கிடையாது என்றார் அடிகள். ஒன்றுதான் உண்டு.

அந்த மடத்தின் வழக்கம் அது. விரதம் இருக்க நினைப்பவர் காலையில் குளித்துவிட்டு வந்து, இன்றைக்கு ஒரு நாள் என்று கேட்க வேண்டும். அடிகள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார். சொம்பு கைக்கு வந்தால் விரதம் ஆரம்பம். மறுநாள் பொழுது விடிந்தால் அது முடிந்தது. வேண்டுமானால் மறுபடியும் வந்து கேட்கலாம். வராவிட்டால் சாப்பாட்டுக்கு உட்காரலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

தில்லைநாயகத்துக்கு அது சில்லறை வியாபாரம் மாதிரி இருந்தது. இருந்தாலும் ஒத்துக்கொண்டார். இருபத்தொரு சில்லறையைத் தானே சேர்த்துக்கொண்டால் போயிற்று.

அடிகள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா ஐயா?"

"கேட்டேன்."

சொம்பு கைக்கு வந்தது.



முதல் நாள் காலையில் அவர் எடை தொண்ணூற்றொன்று. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு.

இரண்டாம் நாள் எண்பத்தொன்பதரை, நூற்று அறுபத்தெட்டு.

தலை வலித்தது. வாய் கசந்தது. மடைப்பள்ளியில் சமைக்கும் செங்கமலத்திடம் இன்று என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும் மணிக்கொரு தடவை வந்தது. வெறும் தகவலுக்காகத்தான் கேட்கிறேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டார். செங்கமலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. பேச்சில் உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கல். வத்தக்குழம்பு சார், விரதம் இருக்கறவங்களுக்கு வாசனை இலவசம் என்றாள்.

மூன்றாம் நாள் தலைவலி போய் ஒரு மிதப்பு வந்தது. எண்பத்தெட்டு கிலோ. அவர் அடிகளிடம் ஓடினார்.

"மூணு கிலோ போயிடுச்சு சாமி."

"எங்க போச்சு?"

தில்லைநாயகம் விளக்கினார். முதலில் உடம்பு தன்னிடமுள்ள இருப்பைச் செலவழிக்கிறது, அதோடு தண்ணீர் வெளியேறுகிறது, பிறகு கொழுப்பு எரிகிறது. செல்பேசியில் படித்ததை முன்னுரையோடு சொன்னார். அடிகள் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே அதில் ஈடுபாடு இருந்ததுபோல் தெரிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்.

"போன கிலோவுக்கு உங்க விலாசம் தெரியுமா?"

அன்று முழுவதும் தில்லைநாயகம் அதைப் பற்றி யோசித்தார். பதில் கிடைக்கவில்லை. ஆனால் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால், தினமும் மூன்று முறை, அடிகள் மடைப்பள்ளியை ஒட்டிய சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். இரண்டு நிமிடத்தில் வெளியே வருகிறார். தில்லைநாயகம் கதவருகே போய்க் காது கொடுத்தார். உள்ளே சத்தமே இல்லை.

மௌன ஜபம் என்று முடிவு கட்டினார். மெலிந்த உடம்பின் ரகசியம் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. இருபத்தொரு நாள் முடிந்ததும் அந்த மந்திரத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

நாலாம் நாள் எண்பத்தேழு. சர்க்கரை தொண்ணூற்றாறு.

பன்னிரண்டு வருடத்தில் அவர் பார்த்திராத எண் அது. மனைவிக்குப் போன் செய்து சொல்ல நினைத்தார். யாத்திரையில் சர்க்கரை பார்த்தது எப்படி என்று அவள் கேட்டால் சிக்கல் என்பதால் விட்டுவிட்டார்.



ஐந்தாம் நாள் காலையில் நடந்ததை அவர் அறியார். செங்கமலம் சொல்லித்தான் தெரியும்.

அவள் வாக்குமூலம் இது. பொழுது விடிந்து, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். சார் மடைப்பள்ளி வாசலில் வந்து நிற்கிறார். கையில் அந்தக் குத்திப் பார்க்கும் மிஷின். நாற்பத்தாறு, நாற்பத்தாறு என்று சிரிக்கிறார். முகமெல்லாம் வியர்வை. வேட்டி தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருக்கிறது. கை வெடவெடவென்று ஆடுகிறது.

அப்புறம் பருப்பு நிறுக்கும் பழைய தராசைப் பார்த்தார். இதற்கு முத்திரை எங்கே என்றார். படிக்கல்லைத் தலைகீழாகத் திருப்பினார். இந்தத் தராசைப் பறிமுதல் செய்கிறேன், கடைக்காரனைக் கூப்பிடு என்று அதட்டினார். கடையா, இது மடம் சார் என்றாள். மடமானாலும் சட்டம் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

செங்கமலம் பதறவில்லை. மாவுக் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். சாமியைக் கூப்பிட்டாள். சாமி ஊர் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தார்.

இந்த வாக்குமூலத்தில் தில்லைநாயகத்துக்கு ஆட்சேபம் இருந்தது.

"நினைவு தப்பிப் போன ஆள் வாயில நீங்க ஊத்துனீங்க. அது என் செயல் ஆகாது."

"ஊத்தலையே சார். ரெண்டு கையாலயும் நீங்கதான் டம்ளரைப் புடிச்சீங்க. என்னால புடுங்க முடியலை."

"இருக்கலாம். அது கை. மனசு இல்லை."

"அப்ப ரெண்டாவது டம்ளர் கேட்டது யாரு?"

தில்லைநாயகம் அடிகளைப் பார்த்தார். அடிகள் கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டீங்க" என்று செங்கமலம் முடித்தாள்.



ஆனால் முப்பத்தொரு வருடம் வியாபாரிகளோடு வாதாடியவர் இதற்கெல்லாம் மடங்க மாட்டார். அவரிடம் இன்னொரு நியாயம் இருந்தது. மூன்று மணி நேரமாக அதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார்.

சம்பவம் நடந்தபோது அவர் இன்னும் குளிக்கவில்லை. அடிகளிடம் வரவில்லை. சொம்பு கைக்கு வரவில்லை. மடத்தின் வழக்கப்படி நாலாம் நாள் விரதம் பொழுது விடிந்ததும் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் விரதம் தொடங்கவே இல்லை. தொடங்காத ஒன்று எப்படி முறியும்? ஆகவே நாலு நாள் பத்திரமாக இருக்கிறது. இப்போது ஒரு சொம்பு கிடைத்தால் ஐந்தாம் நாள் ஆரம்பம். கூட்டிப் பார்த்தால் இருபத்து நாலாம் தேதி இருபத்தொன்று சரியாக முடியும்.

அடிகள் கீரையைக் கீழே வைத்தார்.

நியாயம் நன்றாக இருக்கிறது என்றார். இந்த மடத்தில் எண்பது வருடமாக இந்த வழக்கம் நடக்கிறது, இப்படியொரு சந்து அதில் இருப்பது தனக்கே தெரியாது என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. புதிதாக ஒரு பூச்சியைக் கண்டவரின் முகம்.

பிறகு கேட்டார்.

"காலைல எழுந்ததும் என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலை சாமி. தண்ணிதான். அப்புறம் மாத்திரை."

"எந்த மாத்திரை?"

"சக்கரை மாத்திரை. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மாத்திரை உணவுல சேராதே."

"நாலு நாளாவா?"

"ஒரு வேளை தவறலை."

செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வெளியே தென்னை மட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

"டாக்டர்கிட்ட கேட்டதாச் சொன்னீங்க."

"கேட்டேன் சாமி. பொய் சொல்லலை."

"என்ன சொன்னார்?"

தில்லைநாயகம் சட்டையிலிருந்த எறும்பைச் சுண்டிவிட்டார். வேண்டாம் என்று சொன்னார் என்றார். இந்த வயதில், இத்தனை வருடச் சர்க்கரையில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போட்டால் ஆளே போய்விடலாம் என்றும் சொன்னார் என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"நீங்க கேட்டீங்களான்னுதானே கேட்டீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஆமா" என்றார் அடிகள். "என்ன சொன்னாருன்னு நான் கேட்கலை. உங்க பையில என்ன மாத்திரை இருக்குன்னும் கேட்கலை. சொம்பைத் தூக்கிக் குடுத்துட்டேன். அது என் தப்பு. உங்க உயிரு போயிருக்கும்."

இப்படி ஒரு குரு தன் தப்பை ஒத்துக்கொள்வார் என்று தில்லைநாயகம் எதிர்பார்க்கவில்லை. தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும்போல் தோன்றியது. ஆனாலும் ஏனோ மகிழ்ச்சி வரவில்லை.

"நாலா சாமி, பூஜ்யமா?"

"மத்தியானம் பார்க்கலாம். அதுவரைக்கும் கஞ்சி குடிங்க. அந்த மாத்திரை இன்னிக்குப் பூரா வேலை செய்யுமாம். சக்கரை மறுபடி எறங்குமாம். நர்ஸம்மா சொல்லிட்டுப் போயிருக்கு."

செங்கமலம் கிண்ணத்தோடு எதிரில் வந்து நின்றாள். குடிக்காமல் நகர மாட்டாள் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது குடிக்கும் கஞ்சி தன் உரிமையைப் பாதிக்காது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தில்லைநாயகம் குடித்தார்.

கிண்ணத்தை அவர் வழித்துக் குடித்ததை இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.



கஞ்சி உள்ளே போன பிறகு அவருக்கு வேறொரு கேள்வி எழுந்தது. அவர் செங்கமலத்திடம் போனார்.

வியர்த்து நடுங்கி உளறுகிற ஆளைப் பார்த்தால் பேய் என்பார்கள், காய்ச்சல் என்பார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த மடத்துல இது புதுசா சார்?" என்றாள். மேற்கொண்டு சொல்லவில்லை. புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு வேளை வந்தது. அடிகள் எழுந்து சின்ன அறைப் பக்கம் நடந்தார். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார்.

"வாங்க ஐயா" என்றார்.

தில்லைநாயகத்துக்குப் புல்லரித்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நெற்றி வெறுமையாக இருக்கிறதே என்று அவசரமாகத் திருநீறு பூசிக்கொண்டார். மந்திரம் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அறையில் சாமி படம் எதுவும் இல்லை. மூலையில் ஒரு பெரிய மண்பானை. அதற்குள் ஈர மணல். மணலுக்கு நடுவில் ஒரு சிறிய பானை. அடிகள் அதற்குள் கையை விட்டு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். மடத்தில் குளிர்பதனப் பெட்டி இல்லை. கெடிலத்து மணல்தான் அதை இத்தனை வருடமாகக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது என்றார்.

ஊசியில் மருந்தை ஏற்றினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தார். கிள்ளுவதற்கு அங்கே அதிகம் இல்லை. குத்திக்கொண்டார்.

முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சாமி" என்றார் தில்லைநாயகம்.

"பதினோரு வருஷமாச்சு ஐயா."

"அப்ப விரதம்?"

"நான் ஒரு வேளை விட்டா செங்கமலம் மடத்தை ரெண்டாக்கிடும்."

"அப்ப இந்த உடம்பு?"

அடிகள் தன் விலாவைக் குனிந்து பார்த்துக்கொண்டார், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல்.

"சக்கரை பண்ணுனது. வந்த புதுசுல ஆறே மாசத்துல இருபது கிலோ எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. ஊசி போட்ட பிறகு பாதிதான் திரும்புச்சு."

தில்லைநாயகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மடம் ஏறி இறங்கி, எலும்பை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த குரு.

இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். எத்தனை பேர் இந்த உடம்பைப் பார்த்து ஏமாந்து வருகிறார்கள்.

முன்பு இரண்டு பேரிடம் சொன்னதுண்டு என்றார் அடிகள். ஒருவர் நம்பவில்லை, சாமி அடக்கத்தில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை விழுந்து கும்பிட்டார். மற்றவர் நம்பினார். வேறு பெரிய சாமியாராகத் தேடிப் போய்விட்டார். அதற்குப் பிறகு, கேட்டால் மட்டும் சொல்வது என்று தான் இருந்துவிட்டதாகச் சொன்னார். அது சோம்பேறித்தனம்தான், இன்று காலையில் அது விளங்கியது என்றார்.

பஞ்சால் துடைத்துவிட்டு, குப்பியை மறுபடி மணலுக்குள் வைத்தார்.

"வலிக்கலையா சாமி?"

"கட்டெறும்பு கடிச்சா இதைவிட வலிக்கும்."

"வலிக்குப் பயப்படலை நான்."

அடிகள் பானையின் வாயை மூடினார்.

"ஊசி வேற, சாமி. ஊசி போட ஆரம்பிச்சா கால் போயிடும்."

அடிகள் தன் வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார். கீழே பார்த்தார். தில்லைநாயகமும் பார்த்தார். வாசலில் குழம்புச் சட்டியோடு நின்ற செங்கமலமும் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு இருக்கு" என்றாள்.

"உங்களுக்கு இருக்கும்" என்றார் தில்லைநாயகம். "எங்க அண்ணனுக்குப் போச்சு."



அண்ணன் பெயர் சபாநாயகம். ஒன்பது வயது மூத்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தில்லைநாயகத்தைப் படிக்க வைத்தவர் அவர்தான். ஆனால் தம்பி பெரியவனான பிறகு எதையும் அவனைக் கேட்டுத்தான் செய்வார். தம்பி அரசாங்க உத்தியோகம், சரியாக அளந்து சொல்வான் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவார்.

அவருக்கும் சர்க்கரைதான். அவருக்கும் டாக்டர் ஊசி என்றார். ஊசி போட ஆரம்பித்தார்கள். ஐப்பசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மார்கழியில் அவர் இல்லை.

ஒன்பது வருடம் ஆகிறது. கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், யார் சர்க்கரை என்று பேச்செடுத்தாலும் தில்லைநாயகம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஊசி போட்டார், கால் போயிற்று, ஆள் போனார். கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தங்கள் வீட்டில் நடந்த இதே மாதிரி ஒரு கதையைப் பதிலுக்குச் சொன்னார்கள்.

செங்கமலம் உச்சுக்கொட்டவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள்.

"கால்ல புண்ணு எப்ப சார் வந்துச்சு?"

"எந்தப் புண்ணு?"

"சும்மா இருந்த காலை எடுக்க மாட்டாங்களே. புண்ணு வந்துதானே எடுத்திருப்பாங்க. ஊசி போட்டப்புறம் புண்ணு வந்துச்சா, புண்ணு வந்தப்புறம் ஊசி போட்டாங்களா?"

கேள்வியில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. குழம்பில் உப்பு முன்னால் போட்டாயா, பின்னால் போட்டாயா என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். ஆனால் ஒன்பது வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. எந்தக் கடைக்காரர் எந்தக் கதை சொன்னாலும், எது முதலில், எது பிறகு என்று தேதி கேட்டுக் குடைகிற தில்லைநாயகமும் கேட்டதில்லை.

அவர் மாதங்களை மனதுக்குள் பின்னோக்கிப் புரட்டினார். மூடினார்.

சித்திரையில் அண்ணன் புதுச் செருப்பு வாங்கினார். சுண்டுவிரல் பக்கம் கடித்தது. கடித்ததே தெரியவில்லை என்று சிரித்தார். அந்தப் புண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியது அண்ணி. அந்தச் சிரிப்பு, மஞ்சள் கறை பிடித்த அந்தத் துணி, எல்லாம் அவருக்கு இப்போது தெரிந்தது.

"புண்ணு சித்திரையில" என்றார்.

அடுத்ததையும் அவரே சொன்னார்.

"ஊசி ஆவணியில."

செங்கமலம் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். அடிகள் அவளைப் பார்த்தார். அவள் விரலை விட்டுவிட்டாள்.

தில்லைநாயகம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"சித்திரையிலயே டாக்டர் ஊசின்னுட்டார். அண்ணன் என்கிட்டதான் வந்து கேட்டாரு. போடட்டுமாடா தம்பின்னு. வேண்டாம்னேன். போட்டா நிறுத்த முடியாது, பத்தியத்துல சரி பண்ணலாம்னேன். ஒவ்வொரு மாசமும் வந்து கேட்டாரு. ஒவ்வொரு மாசமும் வேண்டாம்னேன். ஆவணியில கேட்கலை. அண்ணி ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அவர் நாலா, பூஜ்யமா என்று கேட்கவில்லை.

குழம்பின் ஆவி அடங்கியது. இலை போட்டு நேரம் ஆகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டவர் உடனே சாப்பிட வேண்டும் என்று செங்கமலம் முணுமுணுத்தாள். அடிகள் அங்கேயே, தரையிலேயே, அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். இலையை இங்கேயே கொண்டுவரச் சொன்னார். இரண்டு இலை வந்தது.

தில்லைநாயகம் இலையைத் தொடவில்லை.

"சாமி, அன்னிக்கு அவர்கிட்ட நான் என்ன சொல்லிருக்கணும்?"

அடிகள் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

"அறுபத்து நாலு."

"அதே வயசுல ஒருத்தர் இங்க உட்கார்ந்திருக்கார். அவர்கிட்ட சொல்லிப் பாருங்க."